பிழை எண் 4417

பெருங்குடியில் ஐந்தாவது மாடி.
தலைக்கு நேர் மேலே ஏசி.
அங்கே உட்கார்ந்து
ஒரு நாட்டை அழித்துக்கொண்டிருந்தேன்.
அதற்குத்தான் சம்பளம்.
விளையாடுகிறவன் வந்து இறங்கும்போது
எல்லாம் முடிந்திருக்க வேண்டும்:
அரசி செத்து, ஆறு வற்றி,
துறை மண்டபத்தில் ஓநாய் குட்டி போட்டு.
"ஏன் வத்திச்சுன்னு எழுது.
ஒருத்தனும் படிக்கமாட்டான், இருந்தாலும் எழுது"
என்றார் தணிகைமணி.

ஒரு வாளின் கதைக்கு நூற்றிருபது எழுத்து.
மோதிரத்துக்குத் தொண்ணூறு.
கணினிக்கு 'க்' என்றால் இரண்டு எழுத்து,
மெய்யின் தலைப்புள்ளிக்கும் வரி.
அதனால் ஒற்றில்லாத பெயர்களாகப் பார்த்து
என் அரசிகளுக்கு வைத்தேன்:
அமலை, உதிரை, நுரை.

முதலில் சாபம் என்றுதான் எழுதினேன்.
முனிவர், கோபம், கமண்டலம்.
எனக்கே கொட்டாவி வந்தது.
சன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணை,
பாதி நாணல், பாதி குப்பைமேடு.
புகைக்கும் கூழைக்கடாக்களுக்கும் நடுவே
புதிதாய் ஒரு விளம்பரப் பலகை:
'ஏரி பார்த்த வீடுகள்'.
சாபத்தை அழித்தேன்.
பதினொரு அரசிகள்
ஆளுக்கு ஒரு முழம் கரையை
எழுதிக் கொடுத்தார்கள் என்று மாற்றினேன்.
ஓலை, முத்திரை, சாட்சி, எல்லாம் முறைப்படி.
ஆறு வாய்க்காலாய் ஒடுங்கிய அன்று
ஓடக்காரன் ஒருவன்
மிச்சத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி
பூட்டிவிட்டுப் போனான்.
அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.
எழுத்து தீர்ந்துவிட்டது.

மார்ச்சில் முதலீட்டாளர்கள் விளையாடிப் பார்த்தார்கள்.
'வரலாறு ஜாஸ்தி.'
நிரோஷா கணக்குப் போட்டாள்:
எட்டு அரசிகளை எடுத்துவிடலாம்,
கல்வெட்டுக்குக் குரல் வேண்டாம்,
ஓடக்காரன் யாரு? அவனும் வேண்டாம்.
ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு
கேன்டீனிலிருந்து சமோசா வருவதற்குள்
மூவாயிரம் வருஷம் போய்விட்டது.
போரில்லை. ஒப்பாரியில்லை.
கோப்பு கொஞ்சம் சின்னதாயிற்று.

சாவியை மறந்துவிட்டார்கள்.
ஓநாய் மண்டபத்தில்
உடைந்த பானைக்கு அடியில் கிடந்தது அது.
'துருப்பிடித்த சாவி. ஆற்று வாசம் அடிக்கிறது.'
அவ்வளவுதான் விளக்கம்.

எதையும் நம்பாமல் சோதிப்பது ஷமீலின் வேலை.
பிழை எண் 4417:
'சாவி எதையும் திறக்கவில்லை.
கதவு கொடுக்கவும். அல்லது சாவியை நீக்கவும்.'
கதவு செய்ய நாலு நாள், ஆளில்லை.
நீக்க ஒரு நொடி.
'பிழை அல்ல, அப்படித்தான்' என்று பதில் போட்டேன்.
தடுப்புக்கு மேலே அவன் தலை எட்டிப் பார்த்தது.
"அக்கா, எதைத்தான் திறக்கும்?"
"உனக்கெதுக்கு? மூடு."
மூடினான், பிழையையும் வாயையும்.

ஐப்பசியில் வெளியானது. சுமாராய்ப் போனது.
குதிரை நன்றாக ஓடுகிறது என்றார்கள்.

நேற்று பதிவேட்டில் ஓர் ஆள்.
பெயரில்லை, எண் மட்டும்.
இரவு ஒன்றரையிலிருந்து அந்தச் சாவியோடு
நாட்டின் அறுநூற்றுப் பதினொரு கதவையும்
ஒவ்வொன்றாய் முயன்றிருந்தது அந்த எண்.
சிறைக் கதவு, மடப்பள்ளிக் கதவு,
சுவரில் வெறுமே வரைந்து வைத்த கதவுகள்கூட.
பிறகு அரைமணி நேரம் அசைவில்லை.
தூங்கிப்போயிருக்கும் என்று நினைத்தேன்.
மூன்றேகாலுக்கு
வற்றிய ஆற்றின் நடுவில்,
கதவென்று ஒன்று இல்லவே இல்லாத இடத்தில்,
மணலைப் பார்த்துக் குனிந்து
சாவியைப் பயன்படுத்து.
சாவியைப் பயன்படுத்து.
பதினான்கு முறை.

தணிகைமணியிடம் காட்டலாம் என்று எழுந்தேன்.
உட்கார்ந்துவிட்டேன்.

கீழே இறங்கியபோது மழை விட்டிருந்தது.
தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்,
யாரிடமும் வழி கேட்காமல்
சதுப்பு நிலத்தின் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.
ஆட்டோக்காரர் இருநூறு அதிகம் கேட்டார்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.